முந்திக்கொண்ட சாட்சி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கேட்டால் மழுப்பிவிடுவேன்.

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியின் நடை. டாக்டர்களின் அறைகளுக்கு வெளியே போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். (எதற்காக என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.) பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தார். வியர்க்கிறதென்று அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டபோதுதான் கழுத்தின் ஓரத்தில் கட்டியைப் பார்த்தேன். பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மனைவி கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே பேசுவதுபோல ஜெபம் செய்துகொண்டிருந்தாள். ஜெபம் பாதியில் இருக்கும்போது உள்ளேயிருந்து அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். இருவரும் அவசரமாக எழுந்து போனார்கள். அவள் ஆமென் சொல்லவில்லை.

நான் பார்த்தது அவ்வளவுதான். சாமி விஷயத்தில் நான் வாசலில் செருப்போடு நிற்கிற ஆள். ஆனாலும் ஒரு வாக்கியம் பாதியில் நின்றால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. எழுதுகிற பிழைப்பு அப்படி. ஆகவே அந்த ஜெபத்துக்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்று கட்ட ஆரம்பித்தேன். அவருக்கு இராஜாங்கம் என்று பெயர் வைத்தேன். அவளுக்கு ஞானதீபம்.

2

கதையை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

“காவிரியில் தண்ணீர் வந்த அன்றுதான் இராஜாங்கத்தின் கழுத்தில் —”

நிறுத்திவிட்டேன். தஞ்சாவூர்க் கதை என்றால் காவிரியில் தண்ணீர் வந்தே தீரவேண்டுமா? மேட்டூரைத் திறந்தால்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பேனா மூடியைத் திறக்க வரும் போலிருக்கிறது.

“ஞானதீபத்துக்கு ஆண்டவர் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆகையால் எது வந்தாலும் அவள் பயப்பட —”

இதையும் அடித்துவிட்டேன். ஏனென்றால் அந்த நடையில் என் பக்கத்தில் இருந்த அம்மாளின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். முழங்காலில் கையை ஊன்றி நடுக்கத்தை அடக்கிக்கொண்டுதான் ஜெபம் பண்ணினாள். நம்புகிறவர்களுக்குப் பயம் கிடையாது என்பது நம்பாதவர்கள் கட்டிவிட்ட கதை. கொஞ்ச காலம் நானும் அதைச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

மூன்றாவது தொடக்கம் நிலைத்து நின்றது. அதிலிருந்தே போகலாம்.

3

ஞானதீபம் மைக்கை வாங்கியபோது, ஜெபத்துக்குத்தான் கேட்க நினைத்தாள்.

மயிலாடுதுறையை அடுத்த குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஊர்க் கோடியில் வாய்க்காலைத் தாண்டினால் தகரக் கூரை போட்ட ஜெபவீடு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாகப் பாயில் உட்காருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். கோர்ட்டில் சொல்கிற சாட்சி அல்ல. தன் வாழ்க்கையில் ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லாருக்கும் முன்னால் சொல்வது. ஒருவருக்கு வயிற்றுவலி போயிருக்கும், ஒருவர் மகனுக்கு விசா வந்திருக்கும், இன்னொருவர் மழைக்கு முன்னால் நெல்லை வீடு சேர்த்திருப்பார். ஒவ்வொன்றுக்கும் சபை முழுவதும் “ஸ்தோத்திரம்” என்று சேர்ந்து சொல்லும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் விண்ணப்ப நேரம். துன்பம் இன்னும் தீராதவர்கள் அப்போது எழுந்து, தங்களுக்காக ஜெபிக்கும்படி கேட்பார்கள்.

(முடிவு கிடைத்த கதைகளுக்கு ஒரு நேரம், கிடைக்காதவற்றுக்கு ஒரு நேரம். இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பத்திரிகைகளில் முடிவு கிடைக்காத கதையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.)

ஞானதீபம் மைக்கை வாங்கியதற்கு முந்தின வாரம்தான் இராஜாங்கத்தின் கழுத்துக் கட்டியிலிருந்து தஞ்சாவூரில் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. அது வாயில் வராமலிருக்க இருவரும் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் ஓயாமல் பேசினார்கள். அவர் கழுத்தில் எப்போதும் துண்டு. சாப்பிடும்போதும் துண்டு. கட்டியை மறைத்தால் அது இல்லாமல் போய்விடும் என்பதுபோல இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார்.

அந்த ஞாயிறு, பக்கத்தில் சாட்சி சொல்லி முடித்த பெண் மைக்கை ஞானதீபத்தின் கையில் கொடுத்துவிட்டாள். இவள் விண்ணப்ப நேரத்துக்காகக் காத்திருந்தவள். சரி, இப்போதே கேட்டுவிடுவோம் என்று எழுந்தாள். எழுந்ததும் ஆண்கள் பக்கத்திலிருந்து இராஜாங்கம் அவளை நிமிர்ந்து பார்த்தார். துண்டுக்கு மேலே அந்த முகம் என்னவோ கேட்டது. ‘கட்டி’ என்று இவள் சொல்லிவிட்டால் அந்த முகம் இத்தனை பேருக்கு முன்னால் விழுந்துவிடும் என்று தோன்றியது. சபை காத்திருந்தது.

“எங்க வீட்டுக்காரருக்கு ஆண்டவர் சுகம் குடுத்துட்டாருங்க,” என்றாள்.

ஸ்தோத்திரம் என்று கூரை அதிர்ந்தது. பாஸ்டர் தேவசித்தம் கண் கலங்கி இரண்டு கைகளையும் உயர்த்தினார். இராஜாங்கம் கழுத்துத் துண்டை மெதுவாக அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஞானதீபத்தின் வாய் சொன்னதை அவள் காது அப்போதுதான் கேட்டது.

4

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் முதலில் எழுதிய படியில் பாஸ்டர் தேவசித்தம் ஓர் ஏமாற்றுக்காரர். வெள்ளைச் சட்டை, நைச்சியமான பேச்சு, ஏழைகளின் நம்பிக்கையை விற்றுச் சாப்பிடுகிற ஆள். எழுத எளிதாக இருந்தது. அவ்வளவு எளிதாக இருந்ததால் சந்தேகம் வந்து கிழித்துப் போட்டேன். அதே படியில் ஞானதீபம் ஒரு பேதையாக இருந்தாள். சுகமாகிவிட்டது என்று சொல்லி அதைத் தானே நம்பினாள். அந்த நடையில் பார்த்த பெண் அப்படி இல்லை. தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆகவே என் ஞானதீபத்துக்கும் தெரியும். ஆண்டவர் சந்நிதியில் நின்று நடக்காததை நடந்ததாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியும். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போதே அந்த நினைப்பு வந்து குந்திக்கொண்டது. இதற்குத் தண்டனையாக அந்தக் கட்டி பெருத்துவிட்டால்? இனி உண்மையாகவே ஜெபித்தாலும், முந்தி நீதானே சாட்சி சொன்னாய் என்று ஆண்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

(ஆண்டவர் அப்படிச் செய்ய மாட்டார் என்று அவளிடம் சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அதைச் சொல்ல நான் யார்?)

5

அதன் பிறகு இராஜாங்கம் வேறு ஆளாகிவிட்டார். துண்டு தோளைவிட்டுக் கழுத்துக்கு ஏறவே இல்லை. நன்றாகச் சாப்பிட்டார். தை பிறந்தும் விடாமல் பெய்த மழையில் குத்தகை நிலத்தில் அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து கிடந்தது. தண்ணீர் வடிந்தால்தான் அறுவடை மெஷின் வயலில் இறங்கும் என்பதால் மண்வெட்டியோடு போய் வடிகால் வெட்டிவிட்டு, பாடிக்கொண்டே திரும்பினார். ஊரில் பார்த்தவர்கள் எல்லாம் முகம் தெளிந்துவிட்டது என்றார்கள்.

ஞானதீபம் மட்டும் கழுத்தைப் பார்த்தாள். அவர் சோற்றை விழுங்கும்போது கட்டியும் கூடவே அசைந்தது. நேற்றைவிட இன்றைக்குப் பெரிதாகத் தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று இலையைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கழுத்தைப் பார்த்தாள்.

ஒரு முற்பகலில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசியது ஆனந்தவல்லி என்ற நர்ஸ். சோதனை முடிவு வந்துவிட்டது, டாக்டர் நேரில்தான் பேசுவார், தள்ளிப்போடாமல் வந்துவிடுங்கள் என்றார். என்ன வந்திருக்கிறது என்று ஞானதீபம் கேட்டாள். போனில் சொல்வதில்லை என்று பதில் வந்தது. அந்தக் குரலில் ஏதாவது தெரிகிறதா என்று அவள் காதை அழுத்திக் கேட்டாள். பின்னால் யாரோ இருமுவது மட்டும் கேட்டது.

இராஜாங்கத்திடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

“எதுக்குப் போகணும்? சுகமாச்சுன்னு நீதானே சபையில சொன்னே.”

“டாக்டரும் ஒரு வார்த்த சொல்லட்டுமேங்க.”

“ஆண்டவர் சொன்னதுக்கு மேல டாக்டர் என்ன சொல்லப்போறார்? இப்பப் போனா அது அவிசுவாசம், தீபம்.”

அவருடைய அண்ணன் சேரன் இப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆபரேஷன் ஆகி, பேச்சில்லாமல் திரும்பி, அந்த வருஷ அறுப்புக்கு முன்னாலேயே இறந்துபோனார். கத்தி பட்டதால்தான் போனார் என்று இராஜாங்கம் இன்றும் சொல்வார். அவருக்கு ஆஸ்பத்திரி வாசலே ஆகாது. இப்போது போகாமல் இருக்க அவள் வாயாலேயே ஒரு காரணம் கொடுத்துவிட்டாள்.

அன்று முழுவதும் அவளுக்குப் பயமாக இருந்தது. வேறு எப்படி எழுதினாலும் அது குறைத்துச் சொன்னதாகத்தான் இருக்கும். உண்மையைச் சொன்னால் அந்த மனிதரின் சிரிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் அந்த மனிதரே போய்விடுவார். மாட்டுக்கு வைக்கோல் போடப் போனவள் வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

6

இந்த இடத்தில் எனக்குப் பேனா நின்றுவிட்டது. எப்படி முடிக்கலாம் என்று யோசித்தேன்.

கட்டி தானாகவே கரைந்துவிடுகிறது. டாக்டர் ஆச்சரியப்படுகிறார். அந்தச் சபையில் இதைப் படித்தால் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அது நடந்தால் நடந்ததென்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. உட்கார்ந்த இடத்தில் நடத்திவைக்க எனக்கு உரிமை கிடையாது. அப்படிச் செய்தால் ஞானதீபம் செய்ததையே நானும் செய்வேன்.

இராஜாங்கம் இறந்துவிடுகிறார், அவள் வேதத்தை வாய்க்காலில் வீசிவிட்டு —

இல்லை. இதை எழுதினால் தைரியமான எழுத்து என்பார்கள். அவள் வாழ்நாளில் வேதத்தைத் தரையில்கூட வைத்தவள் இல்லை. என் பெயருக்காக அவள் கையை நான் எப்படி ஓங்க வைப்பேன்?

கடைசியாக, அது சாதாரணக் கட்டி, மாத்திரையில் போய்விடும் என்று டாக்டர் சொல்கிறார். எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். (காரணம் கேட்காதீர்கள்.) ஆனால் இதை எழுதினால் அவள் இத்தனை நாள் பயந்ததெல்லாம் வீண் பயமாகிவிடும். அது வீண் பயம் அல்ல.

முடிவை விட்டுவிட்டு, அவள் அடுத்து எங்கே போவாள் என்று மட்டும் யோசித்தேன்.

7

பாஸ்டரிடம் போனாள்.

தேவசித்தம் ஜெபவீட்டுக்குப் பின்னால் கூரையிலிருந்து ஒழுகிய இடத்துக்குத் தார் அடித்துக்கொண்டிருந்தார். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைக்காமல் கேட்டார். அவள் சாட்சியை அவர் மயிலாடுதுறைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லியிருந்தார். அங்கே ஒரு தாய் அதைக் கேட்டுத் தன் பிள்ளைக்காக அழுது ஜெபித்திருந்தாள்.

“நான் கெட்டவளா பாஸ்டரய்யா?” என்று கேட்டாள்.

“எனக்கும் பயமா இருக்கும்மா,” என்றார் அவர். “அன்னைக்கு அவர் கழுத்தை நானும்தான் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஸ்தோத்திரம்னு சொன்னேன்.”

கட்டி அப்படியே இருந்ததை அவரும் பார்த்திருக்கிறார். உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்ற ஆசையில் வாயை மூடிக்கொண்டார். (இவரைத்தான் நான் ஏமாற்றுக்காரராக எழுதியிருந்தேன்.) தானே சபையில் விளக்கிவிடட்டுமா என்று கேட்டார். அவள் யோசித்துப் பார்த்து, நான் சொன்னதை நான்தான் சொல்ல வேண்டும் என்றாள். விண்ணப்ப நேரத்தில் சொல்கிறீர்களா என்று கேட்டார். சாட்சி நேரத்தில் என்றாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சரி என்றார்.

8

ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. மைக் அவள் கைக்கு வந்தது. இந்த முறை அவள் ஆண்கள் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் மறுபடியும் மாறிவிடும் என்று பயம். எதிர்ச் சுவரில் இருந்த மின்விசிறிச் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“போன தடவ நான் சொன்னது நடக்கலீங்க. நடக்கணும்னு எனக்கு ஆச. கட்டி அப்படியேதான் இருக்கு. ஆஸ்பத்திரியில கூப்பிட்டிருக்காங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. பயத்தோடதான் ஆண்டவர்கிட்ட நிக்கிறேன், வேற எங்கயும் போகல. இதுதான் என் சாட்சி.”

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. மின்விசிறிகள் சுற்றும் சத்தம் கேட்டது. ஆண்கள் பக்கத்தில் யாரோ எழுந்த அரவம். திரும்பிப் பார்த்தாள். இராஜாங்கம் பாயைத் தாண்டி, செருப்பைக்கூடப் போடாமல், வெளியே போய்க்கொண்டிருந்தார்.

அவரை இத்துடன் இழந்துவிட்டேன் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தப் பக்கத்தை எழுதிவிட்டுப் பேனாவை வைத்து, தெருவில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.

9

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வயலுக்குப் போனாள். வேறு எங்கும் போயிருக்க மாட்டார் என்று தெரியும். சாய்ந்த கதிருக்குப் பக்கத்தில் வரப்பில் குந்தியிருந்தார். துண்டு மறுபடியும் கழுத்தில் ஏறியிருந்தது. அவள் செருப்பை அவர் காலருகே வைத்துவிட்டு நின்றாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது.

“எனக்கு அன்னைக்கே தெரியும்,” என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

“கைய வெச்சா கட்டி தட்டுப்படுதே, எனக்குத் தெரியாதா? நீ அவ்வளவு பேருக்கு முன்னாடி நம்பிச் சொல்றியேன்னுதான் துண்டை எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போயி, அங்க ஒண்ணுன்னா, உன் சாட்சி பொய்யாயிடும். நீ தாங்க மாட்டேன்னு பயம்.”

துண்டை இழுத்து விட்டுக்கொண்டு, “எனக்கும் பயம்தான். அதையும் சேத்துக்க,” என்றார்.

ஞானதீபம் வரப்பு ஈரத்திலேயே உட்கார்ந்தாள். வாய்விட்டு அழுதாள். இத்தனை நாளும் அவருடைய நம்பிக்கையை இவளும் இவளுடைய நம்பிக்கையை அவரும் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். நடுவில் அந்தக் கட்டி ஒருவர் கையும் படாமல் வளர்ந்திருக்கிறது. அவர் அவளைத் தேற்றவில்லை. நாளைக் காலைப் பாசஞ்சரில் போய்விடலாமா என்று மட்டும் கேட்டார். அறுப்பு கிடக்கிறதே என்றாள். கிடக்கட்டும் என்றார்.

(வயலை விட்டுவிட்டு அவர் கிளம்புவாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அவரும் அவருக்கு முன் இருந்தவர்களும் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். குத்தகைக்கென்றாலும் இது அவர் சாகுபடி. சாய்ந்த கதிரை விட்டுப் போவது லேசான காரியமில்லை. மூன்று தடவை அடித்து எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் அவர் கிளம்பிவிட்டார்.)

10

மறுபடியும் அந்த நடைக்கு வந்துவிட்டோம். இனி வருவது நான் கட்டியதல்ல, கண்ணால் பார்த்தது. முதலில் சொன்னபோது ஜெபம் என் காதில் விழுந்ததை மறைத்துவிட்டேன். அடுத்தவர் ஜெபத்தை ஒட்டுக்கேட்டவன் என்று நினைத்துவிடுவீர்களே என்றுதான்.

அவர் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு ஜெபம் பண்ணேன் என்றார். அவள் கண்ணை மூடினாள். வழக்கமாக அவள் எப்படி ஜெபிப்பாள் என்று எனக்குத் தெரியாது. கட்டி போக வேண்டும், முடிவு நல்லதாக இருக்க வேண்டும் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவள் இடத்தில் இருந்தால் நான் அதைத்தான் கேட்டிருப்பேன்.

“ஆண்டவரே, நாங்க வந்துட்டோம். இவருக்குப் பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு. நீங்க செய்வீங்கன்னு நம்புறேன். என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியல. உள்ள என்ன சொன்னாலும் நீங்க எங்க கூட —”

பெயரைக் கூப்பிட்டார்கள்.

இருவரும் எழுந்தார்கள். அவர் மடியிலிருந்த துண்டு நழுவி, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே விழுந்தது. கவனிக்கவில்லை. அவள் ஒரு கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். திறந்த கழுத்தோடு அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

நான் துண்டை எடுத்தேன். வைக்கோல் வாசனையும் வியர்வையும் கலந்து அடித்தது. வெளியே வந்ததும் கொடுத்துவிடலாம் என்று கையில் வைத்துக்கொண்டேன். அதற்குள் எதிர் அறையில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். துண்டை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனேன். நான் வெளியே வந்தபோது துண்டும் இல்லை, அவர்களும் இல்லை. உள்ளே என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி எழுத மாட்டேன். அந்த அம்மாளிடம் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஆனால் எழுதும்போது அந்தக் கதவை இன்னும் கொஞ்ச நேரம் சாத்தியே வைத்திருக்கலாம், துண்டையும் என் கையிலேயே வைத்திருக்கலாம். நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள். அவர்கள் வெளியே வரும்போது யாராவது ஒருவர் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அவள் பாதியில் விட்ட ஜெபம் இங்கேதான் எங்கேயோ நிற்கிறது. அதற்குரிய வார்த்தை உங்களுக்கு வருமானால் சொல்லுங்கள். கண்ணை மூட வேண்டும் என்றில்லை. வராவிட்டாலும் பாதகமில்லை, எனக்கும் வரவில்லை.

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். இந்தத் துண்டைக் கொஞ்சம் பிடியுங்கள்.